சிபாப் மாஸ்க்கைப் படுத்துக்கொண்டு மாட்டிப் பாருங்கள்

தூக்கத்தில் மூச்சு தடைபடும் ஸ்லீப் ஆப்னியாவுக்குக் கொடுக்கும் சிபாப் மெஷினைப் புதிதாக வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பவர் பெரும்பாலும் செய்வது இதுதான். கட்டிலில் உட்கார வைத்து மாஸ்க்கை மாட்டுவார், நான்கு பெல்ட்டையும் இழுத்து ஒட்டுவார், ஸ்விட்ச்சைப் போடுவார், "காத்து வருதா சார்?" என்பார். வருகிறது என்றதும் சலானில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்த நேரத்தில் மெஷின் ஊதிக்கொண்டிருந்தது ராம்ப், அதாவது பிரஷரைத் தாழ்வாகத் தொடங்கி மெல்ல ஏற்றும் வசதி, தொடங்கும் 4 என்ற அளவில். ராத்திரி இரண்டு மணிக்கு அது 11, 12 என்று ஊதும். அப்போது நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். ராத்திரி ஒருக்களித்துப் படுத்திருப்பீர்கள். படுத்தால் கன்னத்துச் சதை சரியும், தாடை பின்னுக்குப் போகும், மாஸ்க்கின் விளிம்பு வேறு இடத்தில் போய் உட்காரும். உட்கார்ந்தபடி சரிபார்த்த மாஸ்க் நள்ளிரவில் கண்ணுக்குள் காற்றை அடிப்பதில் ஆச்சரியமே இல்லை. அடித்ததும் எல்லோரும் பெல்ட்டை இன்னும் இறுக்குவார்கள். காலையில் மூக்குத்தண்டில் சிவப்புத் தடம். இரண்டு வாரத்தில் மெஷின் பீரோ மேல் ஏறிவிடும்.

"எனக்கு இது ஒத்துக்கல" என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பாலும் மாஸ்க் பிரச்சினை. மீதியில் பெரும்பகுதி பிரஷர் செட்டிங், மூக்கடைப்பு, குழாயில் தண்ணீர். எல்லாவற்றுக்கும் தனித்தனிக் காரணம் இருக்கிறது, தனித்தனி வைத்தியமும் இருக்கிறது. பெல்ட்டை இறுக்குவது அவற்றில் ஒன்றுக்குக்கூட வைத்தியம் இல்லை.

மெஷின் செய்யும் வேலை எளிமையானது. தூங்கும்போது நாக்கின் அடிப்பகுதியும் மெல்லண்ணமும் தளர்ந்து தொண்டையை அடைக்கின்றன; அப்படி அடைபடாதபடி உள்ளிருந்து காற்றழுத்தம் கொடுத்துத் திறந்து வைப்பதுதான் சிபாப். பலர் நினைப்பதுபோல் இது ஆக்சிஜன் மெஷின் கிடையாது, அறையில் இருக்கும் காற்றையே வடிகட்டி ஊதுகிறது. சிட்னியில் காலின் சல்லிவன் இதைப் பரிசோதித்து 1981-இல் கட்டுரை வெளியிட்டபோது பயன்படுத்தியது வாக்யூம் கிளீனர் மோட்டாரை வைத்துச் செய்த ஒரு சாதனம். இன்றைக்கு மெஷின் கையடக்கமாகிவிட்டது, சத்தமும் குறைந்துவிட்டது, தத்துவம் மாறவில்லை. திரையில் தெரியும் பிரஷர் எண் நீர்மட்டக் கணக்கு. ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் ஸ்ட்ராவை 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு விட்டு ஊதி, குமிழி வரவைக்க எவ்வளவு அழுத்தம் வேண்டுமோ அதுதான் 10. பெரிய அழுத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு மூச்சையும் அதற்கு எதிராக வெளியே விட வேண்டும் என்பதால்தான் முதல் சில இரவுகள் மூச்சுவிடுவதே ஒரு வேலையாகத் தெரிகிறது.

மாஸ்க்கைப் பொருத்துவது

இதற்கு ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். தூங்கப் போகும் நேரத்தில் வேண்டாம், சாயங்காலமே செய்யுங்கள்.

முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். இரவில் தலைக்கு எண்ணெய் வைக்கும் பழக்கம் இருந்தால் அதைக் காலைக்கு மாற்றிவிடுவது நல்லது. நெற்றியில் இறங்கும் எண்ணெய் சிலிகானை வழுக்கவைக்கும், நாளடைவில் பாழாக்கவும் செய்யும். முகத்தில் பூசும் மஞ்சளும் நைட் க்ரீமும் அப்படித்தான். மஞ்சள் கறை சிலிகானில் ஏறினால் அப்புறம் போகாது.

மாஸ்க்கை மாட்டி, எல்லா பெல்ட்டையும் தாராளமாகத் தளர்த்தி, எப்போதும் தூங்கும் தலையணையிலேயே படுத்துக்கொள்ளுங்கள். மெஷினில் "மாஸ்க் ஃபிட்" என்ற வசதி இருந்தால் அதைத் தொடங்குங்கள். அது சில நிமிடம் பிரஷரை ஏற்றி ஊதி, லீக் இருக்கிறதா இல்லையா என்று திரையில் சிரித்த முகமோ சுளித்த முகமோ காட்டும். அந்த வசதி இல்லாத மெஷினில் ராம்ப்பை அணைத்துவிட்டு ஓட்டினால் போதும். இராத்திரியில் வரப்போகும் பிரஷரில் சோதிக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

காற்று வேகமாக வரும்போது மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு விரற்கடை முன்னால் இழுத்து, மெதுவாகத் திரும்ப உட்கார வையுங்கள். குஷனின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தால் அதில் இரண்டு அடுக்கு இருப்பது தெரியும். உள் அடுக்கு தடிமனானது, வெளி அடுக்கு மிக மெல்லியது. அந்த மெல்லிய அடுக்கு காற்றில் உப்பி முகத்தின் மேடு பள்ளத்தோடு ஒட்டிக்கொள்வதால்தான் காற்று கசியாமல் நிற்கிறது. பெல்ட்டை இறுக்கினால் அந்த அடுக்கு நசுங்கி மடங்கும். மடங்கிய இடத்தில் ஒரு சுருக்கம் விழும். அந்தச் சுருக்கத்தின் வழியாகக் காற்று சீறும். இறுக்க இறுக்க லீக் கூடுவதன் ரகசியம் இதுதான்.

இழுத்து உட்கார வைத்த பிறகு மேல் பெல்ட் இரண்டையும் ஒரே சமயத்தில், ஒரே அளவில், கொஞ்சமாக இழுங்கள். பிறகு கீழ் பெல்ட் இரண்டையும். சீறல் நின்ற இடத்தில் நிறுத்திவிடுங்கள். பெல்ட்டுக்கும் கன்னத்துக்கும் இடையில் இரண்டு விரல் சுலபமாக நுழைய வேண்டும். இடப்பக்கம் திரும்பிப் படுங்கள், வலப்பக்கம் திரும்பிப் படுங்கள். தலையணை மாஸ்க்கைத் தள்ளுகிறதா என்று கவனியுங்கள். தள்ளினால் தலையைத் தலையணையின் ஓரத்துக்குக் கொண்டுவந்து, மாஸ்க் வெளியே தொங்குகிற மாதிரி படுப்பது ஒரு வழி. அதற்கென்றே ஓரம் வெட்டிய தலையணைகளும் விற்கிறார்கள். பழைய தலையணையின் பஞ்சை ஒரு பக்கமாகத் தள்ளித் தைத்துக்கொண்டாலும் அதே பலன் கிடைக்கும்.

மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க்கில் கண் பக்கம் காற்று அடித்தால், மேல் பெல்ட்டைத் தொடும் முன் கீழ் பெல்ட்டைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். கீழே அதிகம் இழுத்திருந்தால் மாஸ்க் தாடைப்பக்கம் அழுந்தி, மூக்குத்தண்டுப் பக்கம் தூக்கிக்கொள்ளும். பல பேருக்கு இந்த ஒரு திருத்தத்திலேயே கண் எரிச்சல் நின்றுவிடும்.

சரியான இடம் கிடைத்ததும் பெல்ட்டில் வெல்க்ரோ முடிகிற இடத்தில் ஒரு நூல் தையல் போட்டுவிடுங்கள். பேனாக் குறி துவைத்தால் போய்விடும். அதன் பிறகு தினமும் வெல்க்ரோவைப் பிரிக்காதீர்கள். கழற்றுவதற்கென்று இருக்கும் கிளிப்பை மட்டும் பயன்படுத்துங்கள்.

மாஸ்க்கின் முன்பக்கத்திலோ முழங்கை மாதிரி வளையும் இணைப்பிலோ பொடிப்பொடியான ஓட்டைகள் இருக்கும், சிலவற்றில் வலைத்துணி. அதிலிருந்து காற்று எப்போதும் வந்துகொண்டேதான் இருக்கும். அது லீக் கிடையாது. நீங்கள் வெளிவிடும் கரியமில வாயு வெளியேறும் வழியே அதுதான். பக்கத்தில் படுப்பவர் மேல் காற்று அடிக்கிறது என்று அதில் பிளாஸ்திரி ஒட்டிவைப்பவர்கள் உண்டு. கண்டிப்பாகக் கூடாது. முழங்கையைத் திருப்பினால் காற்று வேறு பக்கம் போகும், அல்லது இருவருக்கும் நடுவில் ஒரு தலையணையை நிறுத்துங்கள்.

எந்த மாஸ்க்

மெஷினுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு மாஸ்க்கில் கஞ்சத்தனம் பிடிப்பது நம் வழக்கம். தலைகீழாகச் செய்ய வேண்டிய காரியம். சாதாரண மெஷினோடு சரியான மாஸ்க் இருந்தால் காலம் தள்ளலாம். உயர்ந்த மெஷினோடு பொருந்தாத மாஸ்க் இருந்தால் ஒரு இரவுகூடத் தள்ள முடியாது. வாங்கும் கடையில் அளவு மாற்றித் தருவார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மூக்கால் மூச்சுவிட முடிகிறவர்கள் மூக்கு மாஸ்க்கில் தொடங்குவதே நல்லது. முகத்தோடு ஒட்டும் பரப்பு குறைவு என்பதால் லீக்கும் குறைவு. மூக்குத் துவாரத்திலேயே உட்காரும் பில்லோ வகை இன்னும் சின்னது. மீசைக்காரர்களுக்கும், முகத்தில் ஏதாவது மூடினாலே படபடப்பு வருகிறவர்களுக்கும், கண்ணாடி போட்டுப் படித்தபடி தூங்கப் பிடித்தவர்களுக்கும் அது ஏற்றது. ஆனால் பிரஷர் 12, 13 என்று தாண்டினால் மூக்கினுள் ஊசியடிப்பதுபோல் பலருக்கு இருக்கும். மூக்குத்தி போட்டிருப்பவர்களுக்கு பில்லோவிலும், மூக்குக்குக் கீழே தொட்டில்போல் தாங்கும் வகையிலும் திருகாணி இடறி லீக் வரும், புண்ணும் ஆகும். இரவில் கழற்றிவைக்கலாம், அல்லது மூக்கை முழுதாக மூடும் வகையை எடுக்கலாம். நீளமான கூந்தலைப் பின்னந்தலையில் கொண்டையாகப் போட்டால் பெல்ட் நழுவும். தாழ்வாகத் தளர்ந்த பின்னல்தான் தோது.

வாயையும் மூடும் முழு மாஸ்க் தேவைப்படுவது மூக்கு நிரந்தரமாக அடைத்திருப்பவர்களுக்கும், தூக்கத்தில் வாய் திறப்பதை வேறு வழியில் நிறுத்த முடியாதவர்களுக்கும். பல்செட் போடுபவர்கள் இரவில் அதைக் கழற்றிவிட்டுத்தான் தூங்குவார்கள் என்பதால், மாஸ்க் அளவும் பல்செட்டைக் கழற்றிவிட்டே பார்க்க வேண்டும். கன்னத்தின் வடிவமே மாறிவிடுகிறது. தாடி அடர்த்தியாக இருந்தால் முழு மாஸ்க் லீக் இல்லாமல் நிற்பது கஷ்டம்.

ஒரு எச்சரிக்கை. இப்போது வரும் பல மாஸ்க்குகளில் கிளிப்பில் காந்தம் இருக்கிறது. பேஸ்மேக்கர், மூளை ரத்தக்குழாயில் உலோகக் கிளிப், மூளையில் சேரும் நீரை வடிக்கும் ஷண்ட் குழாய் போன்றவை உடம்பில் உள்ளவர்கள் காந்தம் இல்லாத வகையையே கேட்டு வாங்க வேண்டும். பக்கத்தில் படுக்கும் கணவருக்கோ மனைவிக்கோ பேஸ்மேக்கர் இருந்தாலும் இது பொருந்தும்.

பழக்கப்படுத்துவது

முதல் நாளே ராத்திரி மாட்டிக்கொண்டு தூங்கிவிட வேண்டும் என்று எதிர்பார்த்தால் சண்டைதான். சிலர் அப்படியே தூங்கியும் விடுகிறார்கள். முதல் இரவே கனவுகள் கொட்டும், காலையில் தலை லேசாக இருக்கும். எல்லோருக்கும் அப்படி வாய்க்காது.

பயமோ படபடப்போ உள்ளவர்கள் பகலில் தொடங்குங்கள். மெஷினை முதலில் ஓடவிட்டு, காற்று வந்த பிறகு மாஸ்க்கை முகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். காற்று வராத மாஸ்க்கை மாட்டினால் மூச்சு முட்டும், மூளை அதையே நினைவில் வைத்துக்கொள்ளும். பெல்ட் போடாமல் கையால் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் மூச்சு விடுங்கள். எப்போது வேண்டுமானாலும் கையை எடுத்துவிடலாம் என்பதே பாதிப் பயத்தைத் தீர்க்கும். மூக்கு மாஸ்க் என்றால் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் மூக்கில் வந்த காற்று வாய்வழியாகப் பீய்ச்சிக்கொண்டு போகும், முதல் முறை திடுக்கிட்டுத்தான் போவீர்கள். அது பழகியதும் பெல்ட்டை மாட்டி, உட்கார்ந்தபடி டிவி பார்த்துக்கொண்டு இருபது முப்பது நிமிடம். அடுத்து படுத்துக்கொண்டு விழித்திருப்பது. அடுத்து மதியத் தூக்கம். அதற்குப் பிறகு இரவு. ஒரு படியில் பதற்றம் வந்தால் முந்தைய படிக்கு இறங்குங்கள். ஒருவருக்கு மூன்று நாளில் முடிவது இன்னொருவருக்கு மூன்று வாரம் ஆகும்.

இராத்திரி பாத்ரூம் போக மாஸ்க்கைக் கழற்ற வேண்டியதில்லை. குழாய் சேரும் இடத்தில் அமுக்கிக் கழற்றும் இணைப்பு இருக்கும். அதை மட்டும் பிரித்துவிட்டு மாஸ்க்கோடு போய்வாருங்கள். முழுதாகக் கழற்றினால் மறுபடி மாட்டச் சோம்பலாகி, அப்படியே தூங்கிவிடுவதுதான் நடக்கும். வைத்தியம் செய்யாத ஸ்லீப் ஆப்னியாவே பலருக்கு ராத்திரி அடிக்கடி சிறுநீர் வரக் காரணம் என்பதால், சிபாப் ஒழுங்காக ஓடத் தொடங்கினால் இந்தப் பயணமே குறையும்.

"தினம் நாலு மணி நேரம் போட்டா போதும்" என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது அமெரிக்க மெடிகேர் இன்சூரன்ஸ் மெஷினுக்குப் பணம் கொடுக்க வைத்த அளவுகோல்: 30 நாள் கணக்கில் 70 சதவீத இரவுகள், இரவுக்கு 4 மணி நேரம். உடம்புக்கு அப்படி ஒரு கணக்குக் கிடையாது. கனவு காணும் கட்டம் விடியற்காலைப் பக்கம்தான் நீளமாக வருகிறது. தொண்டைத் தசை மிக அதிகமாகத் தளர்வதும், மூச்சுத்தடை மோசமாவதும் பலருக்கு அப்போதுதான். மூன்று மணிக்குக் கழற்றி வைப்பவர் அன்றைய இரவின் மிகக் கெட்ட பகுதியை மெஷின் இல்லாமல் கழிக்கிறார்.

பிரஷர்

பிரஷரைத் தானே ஏற்றி இறக்கும் ஆட்டோ மெஷின்களைக் கடையிலிருந்து வந்த 4 முதல் 20 வரை என்ற செட்டிங்கிலேயே விட்டுவிடுவது பரவலாக நடக்கிறது. 4 என்பது பெரியவர்கள் பலருக்குப் போதாது. "காத்தே வரல, மூச்சு முட்டுது" என்ற புகாருக்கு மெஷினைச் சந்தேகப்படுகிறோம். ஆரம்ப பிரஷரை 6 அல்லது 7-க்கு ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கீழ்வரம்பு ரொம்பத் தாழ்வாக இருந்தால் இன்னொரு கெடுதலும் உண்டு: தொண்டை அடைக்கத் தொடங்கிய பிறகுதான் மெஷின் ஓடிப்போய் ஏறும், அதற்குள் தூக்கம் கலையும். ராம்ப் நேரமும் ஆரம்ப அளவும் பெரும்பாலும் நீங்களே மாற்றக்கூடியவை. கீழ்வரம்பும் மேல்வரம்பும் மருத்துவர் அல்லது ஸ்லீப் டெக்னீஷியன் மாற்ற வேண்டியவை. இரண்டு வார டேட்டாவைக் காட்டிக் கேளுங்கள்.

மூச்சை வெளியே விடச் சிரமமாக இருந்தால் ரெஸ்மெட் மெஷினில் ஈபிஆர், பிலிப்ஸில் ஃப்ளெக்ஸ் என்று ஒரு வசதி உண்டு. ஈபிஆரை 1, 2, 3 என்று வைத்தால் மூச்சு விடும் நேரத்தில் மட்டும் அத்தனை சென்டிமீட்டர் பிரஷர் குறையும். நடு இரவில் விழித்துப் பார்க்கும்போது காற்று புயலாக அடிக்கிறதா? மெஷினை அணைத்துப் போடுங்கள், மறுபடி கீழிருந்து தொடங்கும்.

காலையில் பார்க்க வேண்டியது இரண்டு எண்கள். ஒன்று ஏஎச்ஐ, மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபட்டது என்ற கணக்கு. 5-க்குக் கீழே இருந்தால் நல்லது. தூக்கத்தைப் பதிவுசெய்யும் ஸ்லீப் ஸ்டடி பரிசோதனையில் அது 30-க்கு மேல் இருந்தால்தான் கடுமையானது என்கிறோம். இன்னொன்று லீக். ரெஸ்மெட் கணக்கில் நிமிடத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினால் அதிகம். லீக் அதிகமான இரவில் ஏஎச்ஐ எண்ணையே நம்ப முடியாது, ஏனென்றால் மெஷின் உங்கள் மூச்சைச் சரியாக அளக்க முடியாமல் தவிக்கும். அதனால் முதலில் லீக்கைச் சரிசெய்யுங்கள், பிரஷர் பிறகு. எஸ்டி கார்டு உள்ள மெஷின் என்றால் ஆஸ்கர் என்ற இலவச மென்பொருளில் போட்டு இரவு முழுவதையும் நிமிட வாரியாகப் பார்க்கலாம். அதில் "கிளியர் ஏர்வே" வகைத் தடைகள் நிறைய தெரிந்தால், அடைப்பு இல்லாமலே மூச்சு நின்றிருக்கிறது என்று அர்த்தம். சிபாப் தொடங்கிய புதிதில் சிலருக்கு இது வந்து, பல பேருக்குத் தானாகவே அடங்கும். அடங்காவிட்டால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். பிரஷரை நீங்களே ஏற்றினால் இது கூடத்தான் செய்யும்.

மூக்கு, தண்ணீர், ஏசி

மூக்கு அடைத்திருந்தால் சிபாப் தோற்கும். படுக்கும் முன் ஆவி பிடிப்பதோ உப்புநீரால் மூக்கைக் கழுவுவதோ உதவும். கழுவும் தண்ணீர் கொதிக்க வைத்து ஆற்றியதாகவே இருக்க வேண்டும், குழாய்த் தண்ணீர் கூடாது. ஓட்ரிவின், நேசிவியான் மாதிரிச் சொட்டு மருந்துகளை ஒரு சில நாளுக்கு மேல் போட்டால், மருந்து தீர்ந்ததும் முன்னைவிட மோசமாக அடைக்கும். நாள்பட்ட அலர்ஜிக்கு மருத்துவர் எழுதித் தரும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேதான் வழி, அதுவும் பலன் தெரியச் சில நாள் எடுக்கும். மூக்கு ஓரத்தில் புண் வந்தால் வாசலினோ விக்ஸோ தடவாதீர்கள். பெட்ரோலியம் கலந்த எதுவும் சிலிகானைக் கெடுக்கும்; தண்ணீரில் கரையும் ஜெல் கேட்டு வாங்குங்கள்.

காற்றுக்கு ஈரம் சேர்க்கும் ஹ்யூமிடிஃபயரின் தொட்டியில் ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர். இதைக் கேட்டதும் பலர் இன்வர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரை வாங்கி வருகிறார்கள். அது உப்பு நீக்கியது என்றாலும், சுவாசிக்கும் காற்றில் கலப்பதற்காகச் சுத்தமாக அடைத்தது இல்லை. மருந்துக் கடையில் கேளுங்கள். அகப்படாத இரவில் கொதித்து ஆறிய ஆர்ஓ தண்ணீர் ஊற்றலாம். தொட்டியின் அடித்தட்டில் வெள்ளையாக உப்புப் படியும், அவ்வளவுதான். படிந்தால் ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து சிறிது நேரம் ஊறவைத்து அலசுங்கள். நேற்று மிச்சமான தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தினமும் புதிதாக ஊற்ற வேண்டும். தைலம், யூகலிப்டஸ் எண்ணெய், கற்பூரம் எதையும் தொட்டியில் போடக் கூடாது. ஆவி பிடிக்கும் சட்டி வேறு, இது வேறு. இதில் சூடாகும் எண்ணெய் ஆவி நேராக நுரையீரலுக்குள் அழுத்தத்தோடு போகும்.

கடற்கரை ஊர்களில் ஏசி இல்லாமல் படுப்பவர்களுக்கு ஹ்யூமிடிஃபயர் தாழ்ந்த அளவில் போதும், சிலருக்குத் தேவையே படாது. ஏசி அறையில்தான் சிக்கல். தொட்டியிலிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று கிளம்பி, குளிர்ந்த குழாயில் போகும்போது ஈரம் நீராக மாறிக் குழாயின் உட்பக்கம் படிகிறது. முதலில் களகளவென்று சத்தம் வரும், பிறகு மூக்கில் திடீரென்று பன்னீர் தெளித்ததுபோல் விழும். தூக்கிவாரிப் போட்டு எழுந்து, மெஷின் பழுது என்று முடிவுகட்டுவார்கள். குழாயை எடுத்துத் தொங்கவிட்டு வடித்துவிட்டு, ஹ்யூமிடிட்டியை ஒரு படி குறையுங்கள். ஏசியை 24-லிருந்து 26-க்கு ஏற்றி, காற்று குழாய் மேல் நேராக அடிக்காதபடி தகட்டைத் திருப்புங்கள். குழாயை உடம்போடு போர்வைக்குள் கொண்டுபோங்கள், அல்லது பழைய பருத்தித் துணியால் உறை தைத்துப் போடுங்கள். இத்தனைக்கும் பிறகு சொட்டினால் சூடேறும் குழாய் வாங்க வேண்டியதுதான்.

மெஷினைத் தலைமட்டத்துக்குக் கீழே வையுங்கள். படிந்த நீர் தொட்டிப் பக்கம் திரும்பி ஓடும். மேலே வைத்தால் உங்கள் மூக்குக்கு ஓடும். பாயில் படுப்பவர்கள் மெஷினை வெறுந்தரையில் வைத்தால் தூசியை இழுக்கும், அதனால் ஒரு தாழ்ந்த மணைமேல் வைத்து, தலையணையை அதைவிட உயர்த்திக்கொள்ளுங்கள். கொசுவலைக்குள் படுப்பவர்கள் குழாயை வலையின் திறப்பு ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் உள்ளே விட்டு, துணிக்கிளிப் போட்டு மூடலாம். வலைக் கயிற்றில் குழாயைத் தளர்வாகத் தொங்கவிட்டால் புரளும்போது மாஸ்க்கை இழுக்காது. கொசுவத்திச் சுருளை மட்டும் அந்த அறையில் ஏற்ற வேண்டாம். மெஷின் அந்தப் புகையை இழுத்து உங்களுக்கே ஊதும், ஃபில்டரால் புகையைத் தடுக்க முடியாது. சாம்பிராணி போட்ட அன்றைக்கும் அறை நன்றாகக் காற்றாடிய பிறகே மெஷினை ஓட்டுங்கள். ஃபில்டரை மாதம் ஒருமுறை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். பழுப்பாகிவிட்டால் மாற்றுங்கள், ஆறு மாதம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சாலையோர வீடுகளில் அது ஒன்றிரண்டு மாதத்திலேயே கறுக்கும்.

குஷனைத் தினமும் காலையில் மிதமான சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவுங்கள். குழாயும் பெல்ட்டும் வாரம் ஒருமுறை. காயவைப்பது நிழலில், வெயிலில் போட்டால் சிலிகான் விறைக்கும். டெட்டால், ப்ளீச், ஸ்பிரிட் வேண்டாம். ஓசோன், புறஊதாக் கதிர் என்று விற்கும் சிபாப் கிளீனர் பெட்டிகளைப் பற்றி அமெரிக்க எஃப்டிஏ 2020-லேயே எச்சரித்திருக்கிறது. சோப்பு செய்யாத எதையும் அவை செய்யப்போவதில்லை.

வாய் வறண்டு எழுகிறீர்கள் என்றால் வாய்வழி லீக். தாடைப்பட்டை சிலருக்கு உதவும், உதவாவிட்டால் முழு மாஸ்க். வாயில் டேப் ஒட்டும் யோசனை வீடியோக்களில் சுற்றுகிறது. மூக்கடைப்பவர்களுக்கும் வாந்தி, நெஞ்சுக்கரிப்பு உள்ளவர்களுக்கும் அது ஆபத்து. வயிறு உப்பி ஏப்பமாக வந்தால் காற்றை விழுங்குகிறீர்கள். ஒருக்களித்துப் படுங்கள், இரவு உணவைச் சீக்கிரமே முடியுங்கள், மேல்வரம்பைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள்.

கரண்ட், பயணம், ஆஸ்பத்திரி

கரண்ட் போனால் மூச்சு முட்டிவிடுமோ என்ற பயம் பலருக்கு. முழு மாஸ்க்கில் ஒரு சின்ன வால்வு இருக்கிறது, காற்று நின்றதும் தானாகத் திறந்து வெளிக்காற்றை விடும். கழுவும்போது அதன் மடல் ஒட்டிக்கொள்ளாமல் ஆடுகிறதா என்று பாருங்கள். மூக்கு மாஸ்க் என்றால் வாயைத் திறந்தால் போதும். மெஷினின் பிளக்கை இன்வர்ட்டர் லைனில் போடுங்கள். சைன் வேவ் இன்வர்ட்டர் நல்லது. பின்னால் ஈகோ, யுபிஎஸ் என்று ஒரு ஸ்விட்ச் இருந்தால் யுபிஎஸ் பக்கம் வையுங்கள். மாறும் நேரம் குறைந்து மெஷின் அணையாமல் தாண்டும். அடாப்டரில் 65 அல்லது 90 வாட் என்று போட்டிருப்பது உச்சம். சூடேற்றும் வேலை இல்லாமல் ஓடினால் மெஷின் இழுப்பது 10 வாட்டை ஒட்டித்தான். மின்தடை நீளும் என்று தெரிந்தால் ஹ்யூமிடிஃபயரையும் சூடேறும் குழாயையும் அணைத்துவிட்டால் பேட்டரி பல மடங்கு நேரம் நிற்கும்.

ரயில் பெட்டியின் பிளக்கில் வருவது 110 வோல்ட். அடாப்டரில் 100–240 வோல்ட் என்று எழுதியிருந்தால் ஓடும். ஆனால் இரவில் சார்ஜிங் பாயிண்ட்டை அணைத்துவிடுவது உண்டு என்பதால், ரயிலை நம்பாமல் மெஷினுக்கென்று தனி பேட்டரி எடுத்துப் போவது உத்தமம். விமானத்தில் கைப்பையோடு கொண்டுபோங்கள், லக்கேஜில் போடாதீர்கள். மருத்துவர் கடிதம் ஒன்று கையில் இருக்கட்டும். எங்கே கிளம்பினாலும் தொட்டியைக் காலி செய்துவிட்டுத்தான் மெஷினைப் பையில் வைக்க வேண்டும். உள்ளே சாய்ந்த தண்ணீர் மோட்டாருக்குள் போனால் மெஷின் முடிந்தது. ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில் இப்போதைய மெஷின்கள் தாமாகவே பிரஷரைச் சரிசெய்துகொள்ளும். அங்கே தொல்லை குளிர்தான், குழாயில் நீர் படியும்.

பழைய மெஷின் வாங்குவதாக இருந்தால் பிலிப்ஸ் ட்ரீம்ஸ்டேஷன் முதல் தலைமுறை விஷயத்தில் கவனம். சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த நுரை சிதைந்து காற்றில் கலக்கக்கூடும் என்று 2021 ஜூனில் அந்த நிறுவனமே திரும்பப் பெறும் அறிவிப்பு வெளியிட்டது. சீரியல் எண்ணைச் சரிபார்க்காமல் வாங்காதீர்கள். எந்தப் பழைய மெஷினாக இருந்தாலும் ஓடிய மணிக்கணக்கைப் பாருங்கள், முந்தையவரின் பிரஷரை மாற்றச் சொல்லுங்கள், மாஸ்க்கும் குழாயும் ஃபில்டரும் புதிதாக வாங்குங்கள்.

எடை நன்றாகக் குறைந்தாலோ கூடினாலோ பழைய பிரஷர் பொருந்தாது, மறுபடி பார்க்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கு ஆஸ்பத்திரியில் சேரும்போது மெஷினையும் மாஸ்க்கையும் கூடவே எடுத்துப்போங்கள். மயக்க மருந்து கொடுப்பவர் உங்களைப் பார்க்க வரும்போது ஸ்லீப் ஆப்னியா இருப்பதையும் உங்கள் பிரஷர் எண்ணையும் அவரிடமே நேராகச் சொல்லுங்கள். மயக்கமும் அதற்குப் பின் வரும் வலி மருந்தும் தொண்டையைத் தளர்த்தும்; வார்டுக்குத் திரும்பிய முதல் இரவு, பகலில் கண்ணயர்ந்தாலும்கூட, மெஷின் பக்கத்தில் தயாராக இருக்க வேண்டும். மாஸ்க்கை எப்படி மாட்டுவது என்று துணைக்கு இருக்கப்போகிறவருக்கு வீட்டிலேயே ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள்.